மேசனுக்குப் பெண் கொடுப்பது யார்?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில், மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரையுள்ள கரையோரத்துப் பாடசாலைகளில் ஒரு கேள்வி நம்மைத் தேடி வரும். “கனகாலம் படிக்காம கெதியா வேல கெடைக்கிற படிப்பு எது சேர்?” கேட்பவன் பெரும்பாலும் கடைசி வாங்கில் இருந்தவன். கேட்கும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டான். நமக்கோ அந்தக் கேள்வி காதில் விழுந்தவுடன் ஓர் எரிச்சல் வரும். பத்து ஆண்டுகள் படிப்பித்தும் இவனுக்குக் குறுக்கு வழிதானே வேண்டியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, “இன்னொருக்கா எழுதிப் பாரு” என்று சொல்லி அனுப்பிவிடுவோம்.

நாம் இங்கே அந்த மாணவனின் பக்கம் நின்று வழக்காட விரும்புகிறோம். அவன் கேட்டது சோம்பேறியின் கேள்வியன்று. கரைவலைத் தோணியில் பங்குக்குப் போகும் வாப்பாவுக்கும், கலியாண வயதில் நிற்கும் இரண்டு ராத்தாமாருக்கும் இடையில் பிறந்தவன் வேறு எதைக் கேட்பான்? நீண்ட படிப்பு என்பது நீண்ட காலம் காத்திருக்க வசதியுள்ளவனின் படிப்பு. அந்த வசதி இல்லாதவன் கால அளவை முதலில் விசாரிக்கிறான். அரிசி வாங்கப் போகிறவன் விலையை முதலில் விசாரிப்பதைப் போன்றதே இது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அதிலும், காத்திருக்கும் வசதியுள்ளவர்களுக்கேனும் வாசல் திறக்கிறதா என்றால் அதுவும் இல்லை. உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே இந்நாட்டின் அரச பல்கலைக்கழகங்களில் இடமுண்டு. ஏனைய மூவரைப் பற்றி நம் பாடசாலைகளின் பரிசளிப்பு விழாக்களில் யாரும் பேசுவதில்லை. வாயிற்கதவில் தொங்கும் வாழ்த்துப் பதாகையில் மருத்துவபீடத்துக்கும் பொறியியல்பீடத்துக்கும் போனவர்களின் படங்கள் இருக்கும். கூடப் படித்த நூறு பேர் எங்கே போனார்கள் என்பதற்குப் பதாகை இல்லை. அவர்களுக்கு வழி காட்டுவது மதில்களில் ஒட்டப்பட்டிருக்கும் வேறு வகை விளம்பரங்கள்.

அவ்விளம்பரங்களை வாசியாத மாணவன் இல்லை. “மூன்று மாதத்தில் தொழில்”, “சான்றிதழுடன் வெளிநாடு”, “கல்வித் தகைமை அவசியமில்லை” என்றெல்லாம் அவை அழைக்கின்றன. இந்தக் கடைகளில் நல்லவையும் உண்டு. பலவற்றில் விற்பது காகிதம். தாயின் காதுச்சோடியை அடகு வைத்துக் கட்டணம் கட்டி, அளவைக் கணக்கு என்றும் பாதுகாப்பு மேற்பார்வை என்றும் வாங்கிய பளபளப்பான தாளைக் கொண்டுபோன இளைஞனிடம், கட்டாரில் இறங்கியபின் கையில் கொடுக்கப்படுவது மண்வெட்டியாக இருக்கிறது. இந்நாட்டுச் சட்டப்படி ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதற்காக உண்டானது. நிறுவனம் பதிவு பெற்றிருப்பது வேறு, அங்கே நடக்கும் குறித்த பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதையும் விற்றுவிடுகிறார்கள். இந்த வேற்றுமையை நம் பத்தாம் ஆண்டு மாணவனுக்கு எந்தப் பாடவேளையில் நாம் சொல்லிக் கொடுத்தோம்? விளம்பரக்காரனைத் திட்டுவது எளிது. அவன் நாம் வெறுமையாக விட்ட மதிலில்தான் ஒட்டிவிட்டுப் போகிறான்.

அப்படியானால் நீண்ட படிப்பு வேண்டாத, ஆனால் ஊருக்கு உடனே வேண்டிய வேலை உண்மையிலேயே இருக்கிறதா? இருக்கிறது. நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அதைக் காண நம் கலியாண ஒழுங்கைப் பார்த்தால் போதும்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வழக்கத்தை வெளியூரார்க்குச் சொன்னால் வியப்பார்கள். கலியாணம் முடிந்ததும் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். ஆகவே ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வீடு வேண்டும். மூன்று பெண் பெற்றவர் மூன்று வீடு கட்டியாக வேண்டும். வாப்பாவின் வயற்காணி அதற்காக விலைப்படுகிறது. காக்காவின் வாலிபம் அதற்காகச் சவூதிக்கும் குவைத்துக்கும் போகிறது. இவ்வழக்கம் பெண்ணுக்குச் சொத்துரிமை தருகிறது என்று புகழ்வோருண்டு. இது பெண்ணைப் பெற்றவனின் முதுகை முறிக்கிறது என்று இகழ்வோருமுண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. அந்த வழக்கை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இங்கே நமக்கு வேண்டியது ஒன்று: இந்த வழக்கம் நிலைக்கும் வரை கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் வீடு கட்டும் வேலை ஓயாது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல், இடையில் ஒடுங்கிய மணற்பட்டி. அதில் வளவு பிரிந்து வளவு பிரிந்து, இப்போது வீட்டின் மேல் வீடு ஏறுகிறது. வயலோரம் மண் நிரப்பி அங்கும் வீடு எழுகிறது. கல் வைக்க மேசன் வேண்டும். கதவு நிலை போட ஓடாவி வேண்டும். வயர் இழுப்பவன், குழாய் பொருத்துபவன், தரைக்கு ஓடு பதிப்பவன், அலுமினிய யன்னல் செய்பவன், குளிரூட்டி திருத்துபவன் எல்லோரும் வேண்டும். நல்ல மேசன் ஒருவரைப் பிடிக்க மூன்று மாதம் அலைந்த கதை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. வேலை தொடர்ந்து கிடைக்கும் மாதத்தில் அவர் கையில் சேரும் கூலி, அரச பாடசாலை ஆசிரியரான நம் சம்பளத்தை மிஞ்சி நிற்கிறது.

இனி, அந்த வீட்டைக் கட்டி முடித்ததும் அதில் குடியிருக்க மாப்பிள்ளை தேடுகிறார்களே, அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். வைத்தியர், பொறியியலாளர் முதலில் வருவர். பிறகு ஆசிரியர், வங்கி உத்தியோகத்தர், கச்சேரி எழுதுவினைஞர். அவர்கள் கிடைக்காவிடில் கந்தோர்ப் பியூன் ஆயினும் பரவாயில்லை, அரசாங்க வேலையல்லவா என்பார்கள். அந்தச் சுவரை நூல் பிடித்து எழுப்பிய மேசன் அப்பட்டியலில் எங்கே இருக்கிறார்? அவர் கட்டிய வீடு வேண்டும், அந்த வீட்டுக்கு அவர் வேண்டாம்! இதைவிடக் கோரமான ஒரு முரண்பாட்டை எந்தப் பொருளியல் நூலில் தேடுவது?

இவ்வேலைக்காரரை நாம் ‘மேசன் பாஸ்’ என்று அழைக்கிறோம். பாஸ் என்பது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். எசமான், தலைவன் என்பது அதன் பொருள். அதே ஒல்லாந்தச் சொல்தான் அமெரிக்கா வழியாக ஆங்கிலத்துள் நுழைந்து கந்தோர் மேலதிகாரிக்குப் பெயராயிற்று. அங்கே அது சொகுசு நாற்காலியில் இருக்கிறது. இங்கே அது சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு சாரத்தின் மேல் ஏறி நிற்கிறது. ஒரே சொல்லுக்கு இரண்டு மரியாதை. குறை சொல்லில் இல்லை என்பது தெளிவு.

வெள்ளிக்கிழமைக் குத்பாவில் கேட்கிறோம்: நூஹ் நபி கப்பல் கட்டினார், தாவூத் நபி இரும்புக் கவசம் செய்தார், ஸகரிய்யா நபி தச்சராக இருந்தார் என்று. கேட்டுக் கண் கலங்குகிறோம். தொழுகை முடிந்து பேசவரும் கலியாணப் பேச்சில் தச்சர் என்றால் உதட்டைப் பிதுக்குகிறோம். 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் கட்டடக் கலை, தச்சு, நெசவு, மருத்துவச்சியின் பணி ஆகியவற்றை நாகரிகத்தின் இன்றியமையாத் தொழில்களாக வரிசைப்படுத்தி விளக்கினார். அதோடு நில்லாமல், கல்வி கற்பிப்பதும் ஒரு கைத்தொழிலே என்றார். ஆசிரியர்களாகிய நாம் இதை நன்றாக நினைவில் இருத்த வேண்டும். ஓடாவியின் உளிக்கும் நம் வெண்கட்டிக்கும் அந்தப் பேரறிஞர் கண்ட உறவை நாம் காணவில்லை.

இது பணத்தாலோ புத்தகத்தாலோ மட்டும் தெரியவேண்டிய உண்மையல்ல. பெரும் விலை கொடுத்து நாம் ஒரு முறை கற்றோம். 2004 திசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்தபோது இந்நாட்டில் எல்லா மாவட்டங்களையும்விட அதிக உயிரிழந்தது நம் அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போயினர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோரத் தெருக்கள் அடியோடு இல்லாதொழிந்தன. உலகம் முழுவதிலுமிருந்து பணம் வந்தது. சீமெந்து வந்தது. பெயர்ப்பலகைகள் எல்லாவற்றுக்கும் முன்னே வந்தன. ஆனால் கல் வைக்கத் தேர்ந்த கை போதவில்லை. நாடு முழுவதும் மேசன்மாருக்கும் தச்சர்களுக்கும் அப்படியொரு தட்டுப்பாடு நிலவியது. கூலி ஏறியது, வீடுகள் தாமதமாயின, தகரக் கொட்டில்களில் குடும்பங்கள் வெந்தன. அந்த நேரத்தில் நம் ஊர்களில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்திருந்த இளைஞர் எத்தனை ஆயிரம்! அவர்களில் ஒரு பகுதியினரின் கையிலேனும் கரண்டியும் மட்டக்கோலும் பழகியிருந்தால், தங்கள் தாய்மாரின் வீடுகளைத் தாங்களே எழுப்பியிருப்பார்கள். இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தப் பாடத்திலிருந்து நம் பாடசாலைகள் எந்தப் பாடத்தையும் ஆக்கிக்கொள்ளவில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவரவில்லை. செய்திருக்கிறது, அரைகுறையாகச் செய்திருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபை 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அதன் நிலையங்கள் கிராமங்கள் வரை இறங்கியுள்ளன. சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரி உண்டு. அம்பாறையில் ஹார்டி நிறுவனம் உண்டு. தேசிய தொழிற்றகைமை என்னும் ஏணி ஏழு படிகளைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். ஓராண்டுக்குள் முடியக்கூடிய பயிற்சியால் ஓர் இளைஞன் மூன்றாம் அல்லது நான்காம் படியை எட்டலாம். நான்காம் படி என்பது, மேற்பார்வை இன்றித் தன் தொழிலைத் தானே முழுமையாகச் செய்யவல்லவன் என்பதற்கான சான்று. நம் மாணவன் கேட்டானே, கனகாலம் படிக்காமல் கெதியாக வேலை கிடைக்கும் படிப்பு எது என்று, அதற்கு விடை இதுதான். இதைச் சொல்ல நமக்கு இரண்டு நிமிடம் போதும்.

இன்னும் ஒன்று உண்டு. அதை அறியாதோர் ஊரில் மிகப் பலர். பயிற்சி நிலையத்தின் வாசலையே மிதியாமல், தன் மாமாவின் கூடவோ கராஜ் முதலாளியிடமோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேலை செய்து கற்றவனுக்கும் அதே சான்றிதழ் உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். அவன் செய்த வேலைகளின் ஆதாரங்களைத் திரட்டி விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பார். திறன் இருந்தால் சான்று. ஒரு நாள் வகுப்பும் வேண்டியதில்லை. சாய்ந்தமருதில் வெளியிணைப்பு எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டும் இளைஞர் உண்டு. மருதமுனையில் தறிக் குழியில் பிறந்து வளர்ந்தவர்போல் நெய்யும் பெண்கள் உண்டு. இவர்களெல்லாம் இந்நாட்டின் கணக்கில் தேர்ச்சியற்றவர்கள்! ஏன்? விண்ணப்பத் தாளை நிரப்பிக் கொடுக்க ஆளில்லை. பட்டதாரிகள் நிறைந்த ஊரென்று மருதமுனைக்குப் பெயர். ஒரு பட்டதாரி ஒரு நெசவாளிக்கு ஒரு தாளை நிரப்பிக் கொடுத்தால் என்ன?

மருதமுனைத் தறியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் ஒப்பவில்லை. வள்ளுவரை நெசவாளி என்று மரபு சொல்கிறது. அவர் நூலைப் பாடமாக வைத்திருக்கிறோம், அவர் தொட்ட நூலை அல்ல. மருதமுனையின் சாரனுக்கும் சேலைக்கும் இலங்கை முழுவதும் பெயர் இருந்தது. வீட்டுக்கு வீடு கைத்தறிச் சத்தம் கேட்ட தெருக்கள் அவை. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதித் துணியும் விசைத்தறியும் வந்தன. தறிகள் ஒவ்வொன்றாய் மௌனமாயின. இன்றும் நெய்வோர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் ‘சந்தைக்கேற்ற திறன்களை வளர்த்துக்கொள்ளுங்கள்’ என்று உபதேசம் செய்கிறவர்கள், இருந்த திறனைச் சந்தை எப்படிக் கொன்றது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தேவையுள்ள தொழில் எது என்பதைத் தீர்மானிப்பது வானத்துத் தேவர்கள் அல்லர். இறக்குமதி வரியைக் குறைக்கும் கையும் கூட்டும் கையும் தீர்மானிக்கின்றன.

இனிக் கடலுக்கு அப்பாலுள்ள தேவைக்கு வருவோம். 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வேலை தேடி இந்நாட்டை விட்டுப் போகிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் 2024இல் 650 கோடி டொலரைத் தாண்டியது. பொருளாதாரம் நிமிர்ந்துவிட்டது என்று கொழும்பில் மார் தட்டுவோரின் மார்புக்குள் அந்தப் பணம் இருக்கிறது. போகிறவர்களிலே தேர்ச்சியற்ற தொழிலாளியாகப் பதிவாகிப் போகிறவர்களும், வீட்டுப் பணிப்பெண்களாகப் போகிறவர்களும் இன்றும் பெருந்தொகையினர். ‘படிப்பு வேண்டாம், பயிற்சி வேண்டாம், உடனே வேலை’ என்ற அழைப்பின் முழுமையான வடிவம் இதுவே.

அந்த அழைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். திருகோணமலை மாவட்டத்து மூதூரில் பிறந்த ரிசானா நபீக் 2005இல் சவூதிக்குப் போனபோது அவளுக்கு வயது 17. கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. பணிப்பெண்ணாகப் போனவளிடம் நான்கு மாதக் கைக்குழந்தை ஒப்படைக்கப்பட்டது. குழந்தைப் பராமரிப்பில் அவளுக்கு எந்தப் பயிற்சியும் இருக்கவில்லை. பாலூட்டும்போது குழந்தை இறந்தது. மூச்சுத் திணறல் என்றாள் அவள், கொலை என்றது வழக்கு. 2013 சனவரி 9 அன்று அவளுடைய தலை வெட்டப்பட்டது. அன்று நம் பள்ளிவாசல்களில் துஆ கேட்டோம். பத்திரிகைகளில் கவிதை எழுதினோம். அவளுடைய வறுமையைப் பற்றியும் அந்நாட்டின் சட்டத்தைப் பற்றியும் ஆயிரம் பேசினோம். பேசவேண்டியவைதாம். ஆயினும், அவள் படித்த வகுப்பறையைப் போன்ற ஒரு வகுப்பறையில்தானே நாமும் நின்று இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தோம்? பாலர் பராமரிப்பு என்பது ஒரு தொழில், அதற்கு ஒரு பயிற்சி உண்டு, பயிற்சி பெற்றவளுக்கு வேறு சம்பளம், வேறு ஒப்பந்தம் உண்டு என்று அத்தகைய ஒரு சிறுமிக்கு யார் சொன்னார்கள்? குறுகிய காலப் படிப்பு வேறு, படிப்பே இன்மை வேறு. இரண்டையும் ஒன்றாக்கி விற்கிறவனிடமிருந்து நம் பிள்ளைகளைக் காப்பது கவிதையால் ஆகாது.

நம் முற்போக்கு நண்பர்கள் சிலர் இவ்விடத்தில் குறுக்கிடுவார்கள். அவர்களுடைய ஆட்சேபம் நமக்குத் தெரியும். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்ததன் பயனாக மீனவனின் மகனும் வைத்தியனானான். இப்போது ஏழைப் பிள்ளைக்குத் தொழிற்பயிற்சி என்றும் பணக்காரப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் என்றும் பிரித்தால், மேசனின் மகன் மேசனாகவே இருக்கட்டும் என்பதாகத்தானே முடியும்? இது முதலாளிக்கு மலிவான கை தயாரிக்கும் சூழ்ச்சியல்லவா?

இந்த அச்சம் பொய்யன்று. நாமும் அதைப் பகிர்ந்துகொள்கிறோம். ஆனால் வரலாறு முழுவதையும் பார்ப்போம். 1971இல் படித்து வேலையற்றிருந்த இளைஞர் ஆயுதம் தூக்கினர். அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேச தொழில் தாபனக் குழு, இந்நாட்டில் கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் இருந்த வேலைகளுக்கும் பொருத்தமில்லை என்று எடுத்துக் காட்டியது. 1972இல் கல்விச் சீர்திருத்தம் வந்தது. தொழில்முன்னிலைப் பாடங்கள் என்ற பெயரில் ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரின் தொழிலையே பாடமாக்க வேண்டும் என்று வகுத்தார்கள். மீன்பிடி உள்ள ஊரில் மீன்பிடி, மட்பாண்டம் உள்ள ஊரில் மட்பாண்டம். அந்தப் பாடம் ஏழைக்கு மட்டுமல்ல, எல்லா மாணவருக்கும் உரியது. இதிலேதான் அதன் உயிர் இருந்தது. கருவிகள் போதவில்லை, ஆசிரியருக்குப் பயிற்சி போதவில்லை, பெற்றோர் ‘எங்கள் பிள்ளையை வலை பின்னவா அனுப்பினோம்’ என்றார்கள். 1977இல் ஆட்சி மாறியதும் அது தூக்கி எறியப்பட்டது. அதற்காகக் கண்ணீர் விட்ட முற்போக்காளர் எத்தனை பேர்? பிரித்து வைப்பதை எதிர்க்கிறோம் என்கிறோம். எல்லோருக்கும் பொதுவாக வைத்ததையும் காக்கவில்லை. 2017இல் தொடங்கிய 13 ஆண்டு உறுதிசெய்யப்பட்ட கல்வித் திட்டத்தில் மீண்டும் தொழிற்பிரிவு வந்திருக்கிறது. இம்முறை அது சாதாரண தரத்தில் தவறியவர்களும் சேரலாம் என்ற கதவுடன் வந்தது. கதவு நல்லது. ஆனால் நம் ஊரில் அந்தக் கதவுக்கு உடனே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: பெயில் வகுப்பு.

ஏணிக்கு ஏழு படிகள் இருப்பது இங்கேதான் முக்கியமாகிறது. மேசனின் மகன் நான்காம் படியில் நின்றுவிடாமல் ஐந்தும் ஆறும் ஏழும் ஏற முடியுமானால், தொழிற்கல்வி சிறையாகாது. முடியாமற் போவது எங்கே? ஒன்று, மொழி. கீழ்ப்படிகளில் தமிழில் கற்றவன் மேலே ஏறும்போது தமிழ் கரைந்து போகிறது. ஆங்கிலம் காவல் நிற்கிறது. கொரிய வேலைக்குப் போக விரும்பும் இளைஞன் கொரிய எழுத்தைக் கற்று எழுதுகிறான், ஏனெனில் அங்கே தேர்வு எது, பாடப்பொருள் எது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். தன் நாட்டிலே தன் தொழிலில் உயர, எந்த மொழியை எங்கே யாரிடம் கற்பதென்று அவனுக்குச் சொல்வாரில்லை. தமிழ் பயின்ற பட்டதாரிகளாகிய நமக்கும் இதில் ஒரு வேலை உண்டு. குளிரூட்டியின் அமைப்பை, மின்சுற்றின் ஒழுங்கை, கொங்கிறீட்டின் கலவை விகிதத்தை மேசனுக்கு விளங்கும் தமிழில் எழுதிய நூல்கள் எத்தனை நம்மிடம் உண்டு? நீலாவணனும் மருதூர்க்கொத்தனும் எழுதிய மண் இது. கவிதைக்கும் கதைக்கும் தமிழ் கொடுத்த இந்த ஊர்கள் கரண்டிக்கும் கொடுக்க வேண்டாமா?

மற்றொன்று, மேசனுடைய முதுமை. இதுவே எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் காரணம். கலியாணத் தரகரும் பெண்ணைப் பெற்றவரும் வெறும் அந்தஸ்துப் பித்தர்கள் என்று சொல்லிவிட்டால் நம் கட்டுரை முடிந்துவிடும். உண்மை அதைவிடக் கடினமானது. கந்தோர்ப் பியூனுக்கு மாதம் முடிய சம்பளம் வரும். கால் முறிந்தால் விடுமுறை உண்டு. அறுபதில் ஓய்வூதியம் உண்டு. இறந்தால் மனைவிக்கும் உண்டு. மேசன் சாரத்திலிருந்து விழுந்தால் அன்றோடு அடுப்பு அணையும். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இலேயே வந்துவிட்டது. தொழில்தருநர் ஒரு பங்கு கட்டவேண்டும், தொழிலாளி ஒரு பங்கு கட்டவேண்டும் என்பது சட்டம். மேசனுக்குத் தொழில்தருநர் யார்? வீடு கட்டுகிறவர். வீடு முடிந்ததும் அந்தத் தொழில்தருநரும் முடிந்து போகிறார். இந்நாட்டில் வேலை செய்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் இப்படி முறைசாராத் துறையில் கிடக்கிறார்கள். ஆகவே பெண்ணைப் பெற்ற தாய் பியூனைத் தேடுவது மடமையன்று, அவளுக்குத் தெரிந்த ஒரே காப்புறுதி அது. அவள் மகளுக்கு வீட்டை மட்டும் கட்டவில்லை, அந்த வீட்டில் எரியும் அடுப்புக்கும் உத்தரவாதம் தேடுகிறாள்.

அரசு இதைத் தெரிந்தே தன் கணக்குக்குப் பயன்படுத்திக்கொண்டது. 2020இல் ஐம்பதினாயிரம் பட்டதாரிகளைப் பயிலுனர்களாகச் சேர்த்தது. பல்நோக்கு அபிவிருத்திச் செயலணி என்று அதே ஆண்டில் ஓர் இலட்சம் வேலைகளைக் குறைந்த கல்வியுடைய ஏழைக் குடும்பத்தினருக்கென அறிவித்தது. கந்தோருக்குள் வந்தால் பாதுகாப்பு, வெளியே நின்றால் அநாதை என்பதை மாற்றாமல், உள்ளே சிலரைக் கூப்பிட்டு வாக்கு வாங்கும் வித்தை இது. அந்த ஓர் இலட்சத்துக்குள் நுழைய, கையில் தொழில் இருந்த எத்தனை இளைஞர் அந்தத் தொழிலை விட்டுவிட்டு விண்ணப்பத்துடன் அரசியல்வாதியின் வாசலில் நின்றார்கள் என்பதை நம் ஊர்களில் எல்லோரும் பார்த்தோம். மேசனுக்கும் ஓடாவிக்கும் தையற்காரிக்கும் ஓய்வூதியம் கேட்டு ஓர் ஊர்வலம் கல்முனைத் தெருவில் போனால், மேசனுக்குப் பெண் கொடுப்பது யார் என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி நம்மிடம் இருக்கிறது. நம் பாடசாலைக் கட்டடம் ஒன்றின் கூரை மழைக்கு ஒழுகியது. திருத்த வந்த பாஸ் நம் பழைய மாணவர். பதிவேட்டைப் புரட்டினால் அவருடைய பெயருக்கு எதிரே கணிதத்துக்கு எத்தனை புள்ளி போட்டோம் என்பது இருக்கும். பார்க்கும் துணிவு நமக்கில்லை. அவர் கூரையின் சரிவை அண்ணாந்து பார்த்தார். நீளத்தைக் காலால் அளந்தார். எத்தனை தகடு, எத்தனை அடி மரம், எவ்வளவு ஆணி, எத்தனை நாள் என்று சிகரெட் பெட்டியின் அட்டையில் ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். வேலை முடிந்தபோது ஒரு தகடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பைதகரசின் தேற்றத்தை இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவரும் நாம் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தோம். போகும்போது, “நம்மட மகன் இந்த வருஷம் ஓ.எல். எழுதுறான் சேர், அவனயாவது நல்லாப் படிக்கச் சொல்லுங்க, எங்கள மாதிரி ஆகிப்போகாம” என்றார்.

அந்த மகன் இப்போது நம் பத்தாம் ஆண்டுக்கு அடுத்த வகுப்பில் இருக்கிறான். அடுத்த தவணைப் பெற்றோர் கூட்டத்துக்கு வங்கி முகாமையாளரை அழைப்பதென்று அதிபர் தீர்மானித்திருக்கிறார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அந்தப் பாஸை இருத்தவேண்டும் என்று கேட்டு நாம் ஐந்து ஆசிரியர்கள் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறோம். முன்கற்றலை அங்கீகரிக்கும் விண்ணப்பத் தாள்கள் முப்பதைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் எடுத்து வைத்திருக்கிறோம். சனிக்கிழமை அஸருக்குப் பின் நூலக மண்டபத்தில் நிரப்பத் தொடங்குகிறோம். மருதமுனையிலிருந்து இரண்டு நெசவுக்காரிகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.